கோடிக் காம்பரா

நுவரெலியா மரக்கறிச் சந்தைக்கு எதிரே, பாவா முதலாளியின் கடைக்கு மேல்மாடியில் ஒரு கணினி நிலையம் இருந்தது. கீழே லீக்ஸும் கரட்டும் கோவாவும் மூட்டை மூட்டையாக வந்திறங்கும். மேலே ஆறு கணினிகள் முனகிக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் ஈர மண்ணின் மணமும் லீக்ஸின் காரமும் படியேறி வந்து, விசைப்பலகை வரைக்கும் ஒட்டிக்கொள்ளும். ராகலையிலிருந்து பஸ்ஸேறி வந்து, எட்டு வருடமாக அந்த நிலையத்தைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவள் ரோகினி. காலையில் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பாள். மிகுதி நேரத்தில் சேர்வரைக் கவனிப்பாள்.

அந்தச் சேர்வரை அவள் கண்ணால் கண்டதில்லை. அது கொழும்பில், எப்போதும் குளிரூட்டப்பட்ட ஓர் அறையில் இருக்கும் வாடகைக் கணினி. தொலைபேசிக் கம்பி வழியாக அதற்கு அவள் கட்டளையிடுவாள். அதுவும் சொல்பேச்சுக் கேட்கும். அதில் இரண்டு இணையத்தளங்கள் குடியிருந்தன. ஒன்று பாவா முதலாளியின் மரக்கறி விலைப்பலகை. தம்புள்ளையிலும் கொழும்பிலும் உள்ள வியாபாரிகள் விடிந்ததும் அதைத்தான் பார்ப்பார்கள். மற்றது, 2003ஆம் ஆண்டில் ரோகினி தானே எழுதிய ‘உறவைத் தேடி’. குடியுரிமை ஒப்பந்தங்களின் பேரால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தேயிலைத் தோட்டத்துச் சனங்களும் இங்கே தங்கிவிட்டவர்களும் ஒருவரையொருவர் தேடிக்கொள்வதற்கான தளம் அது. ஐந்து வருடத்தில் பதினொரு குடும்பங்கள் அதன் வழியே ஒன்று சேர்ந்திருந்தன. தேடுவோர் பட்டியலில் முதல் வரி ரோகினியுடையது. அந்த வரிக்கு மட்டும் பதில் வரவில்லை.

அவள் தேடியது அக்கா பேச்சியம்மாவை. 1982இல் நானுஓயா ஸ்டேஷனில் அவளைக் கடைசியாகப் பார்த்தபோது ரோகினிக்குப் பத்து வயது. அக்கா கட்டிய மாப்பிள்ளை வீட்டாருக்கு இந்தியக் கடவுச்சீட்டு. ரோகினியின் வீட்டாருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. காகிதம் அப்படிப் பிரித்துவைத்திருந்தது. தலைமன்னார்க் கோச்சிக்காகக் காத்திருந்த நேரத்தில், “வாடி, தலைய விரிச்சுப் போட்டுட்டு நிக்கிறவ” என்று தங்கையைப் பெட்டிமேல் உட்காரவைத்து அக்கா இரட்டைப் பின்னல் போடத் தொடங்கினாள். ஒரு பின்னல் முடிந்தது. மற்றதைத் தொடங்குவதற்குள் கோச்சி வந்துவிட்டது. ரோகினி அந்த ஒற்றைப் பின்னலோடு வீடு திரும்பி, நான்கு நாள் யாரையும் தலையில் கைவைக்க விடவில்லை.

மண்டபம் முகாமிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. “கோத்தகிரிப் பக்கம் வேலை இருக்காம், போறோம்” என்றது இரண்டாவது. அடுத்த வருடம் அப்பா இறந்தார். தோட்டத்தில் வேலைக்குப் பேர்போட ஆளில்லாத வீட்டுக்கு லயத்தின் வரிசை வீடுகளில் இடமேது? அவர்கள் குடியிருந்த காம்பரா வேறு குடும்பத்துக்குப் போயிற்று. அம்மாவும் ரோகினியும் ராகலையில் உறவுக்காரர் வீட்டில் ஒதுங்கினார்கள். அதன்பிறகு அக்கா எழுதிய கடிதங்கள் யார் கைக்குப் போயின என்று யாருக்கும் தெரியாது. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். மிஞ்சியது அந்தத் தளம் ஒன்றுதான்.

2008 கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை, பாவா முதலாளியின் மகன் அக்ரம், நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரே உட்கார்ந்தான். நிலையத்தை நடத்துபவன் அவன். கணினி கற்றது ரோகினியிடம். ஆகையால் சம்பளம் கொடுப்பவனாக இருந்தும் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவான்.

“டீச்சர், விலைப்பலகை திங்கக்கிழமை விடிய முந்தி புது மாதிரியா வரணும். தம்புள்ளையில ஏற்கெனவே ஒருத்தன் போட்டுட்டான். வாப்பா கையைப் பிசையிறாரு.”

“புதுசு எழுதி முடிச்சாச்சு தம்பி. ஆனா அதுக்குப் புதுத் தொகுதி வேணும். அதைப் பொது அடுக்குல போட்டா என்னோடது விழுந்துடும். போன மாசம் போட்டுப் பாத்தோமே.”

பொது அடுக்கு என்று அவள் சொன்னது, தளங்கள் யாவும் தமக்கு வேண்டிய நிரல் தொகுதிகளை எடுத்துக்கொள்ளும் பொதுவிடம். அங்கே ஒரு தொகுதிக்கு ஒரு பதிப்புத்தான் இருக்கலாம். விலைப்பலகைக்குப் புதியது வேண்டும். ‘உறவைத் தேடி’யோ ஐந்து வருடப் பழையதோடு மட்டுமே பேசும். சென்ற மாதம் புதியதை வைத்தபோது பழைய தளம் வெற்றுப் பக்கமாகிவிட்டது; பழையதையே திரும்ப வைக்க வேண்டியதாயிற்று.

“அதத்தான் நானும் சொல்ல வந்தேன்” என்றான் அக்ரம். “மூணு நாள் அது செத்துக் கிடந்துச்சி. ஒருத்தராவது என்னாச்சின்னு கேட்டாங்களா? உங்களத் தவிர யாருக்கும் தெரியாது. கோவிச்சுக்காதீங்க டீச்சர், அத மூடிடுவோம்.”

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் ரோகினிக்கு வலித்தது.

“ஞாயிறு வரைக்கும் தாங்க” என்றாள் முடிவில். “ரெண்டுக்கும் ரெண்டு தனிச் சூழல் போட்டுப் பாக்குறேன். ஒன்னு மத்ததத் தொடாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள விலைப்பலகை ஓடலேன்னா, என் கையாலயே மத்ததை மூடிடுறேன்.”

“தனிச் சூழல்னா?” என்று படியருகே ஒரு குரல் கேட்டது. பாவா முதலாளி மூச்சு வாங்கியபடி மேலே வந்திருந்தார். பதினேழு படிகளையும் திட்டிக்கொண்டே ஏறுவது அவர் வழக்கம்.

அவருக்கு விளங்கவைக்க ரோகினி சிறிது யோசித்துவிட்டு ஒரு கதை சொன்னாள். வகுப்பில் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிப் பழகிய வாய்.

“ஒரு சவுக்கு மரம், முதலாளி. அதுல ஒரே ஒரு பொந்து. ஒரு மைனா பழைய சருகப் பரப்பி அதுல குடியிருந்துச்சு. அப்பறம் ஒரு குக்குறுவான் வந்துச்சு. அதுக்குச் சருகே ஆகாது. வெறும் மரந்தான் வேணும். இது சருகத் தள்ளும், அது கொண்டாந்து போடும். நாள் பூரா இதே வேல. ரெண்டு பேரும் முட்டையிடல. அப்பறம் குக்குறுவானுக்குத் திடீர்னு ஒரு நெனப்பு வந்துச்சு: நமக்குத்தான் மூக்கு இருக்கே, இன்னொரு பொந்து குடைஞ்சா என்னன்னு. மரம் ஒன்னுதான். பொந்து ரெண்டாயிருச்சு.”

பாவா முதலாளி அவளைப் பரிவோடு பார்த்தார். “குருவிக் கதையெல்லாம் எனக்கு என்னத்துக்கு மகள்? ஒரே லொறியில பழுத்த தக்காளியையும் கோவாவையும் ஒன்னாக் கொட்டினா, கொழும்பு போறதுக்குள்ள கோவா மஞ்சளாப் போகும். பலகை அடிச்சு மறிச்சுட்டா ரெண்டும் நல்லா ஈக்கும். அதத்தானே சொல்றீங்க?”

“அதேதான் முதலாளி.”

“அப்ப லேசான வேலைதானே! இதுக்கு ஏன் ரெண்டு பேரும் மய்யத்து வீட்டுல இருக்கிற மாதிரி மூஞ்சிய வச்சிட்டீக்கிறீங்க?” என்று மகனைப் பார்த்தார். “ஞாயிறு வரைக்கும் குடு.”

சொல்வதற்கு லேசாக இருந்த வேலை செய்வதற்கு அப்படி இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை, புதிதாக வெளிவந்திருந்த கருவியொன்றைக் கொண்டு ரோகினி இரண்டு சூழல்களை அமைத்தாள். ஒவ்வொன்றுக்கும் தனி அடைப்பு, தனி அடுக்கு. ஒன்றில் புதிய தொகுதிகள். மற்றதில் 2003இல் தான் குறுந்தட்டில் எழுதி, சீலைத்துண்டில் சுற்றி வைத்திருந்த பழைய தொகுதிகள். இயக்கிப் பார்த்தாள். விலைப்பலகை கொஞ்சமும் தயங்காமல் எழுந்து நின்றது. பழைய தளம் முன்போலவே வெறும் வெள்ளையாய்க் கிடந்தது.

மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே அவள் காரணத்தைத் தேடினாள். நான்கு மணியளவில் அகப்பட்டது. சூழலைத் தனியாக அமைத்திருந்தாலும், உள்ளே கிடைக்காத பொருளைப் பொது அடுக்கிலும் தேடிக்கொள்ள அது வழி விட்டிருந்தது. பழைய தளத்துக்கு வேண்டிய சிறு துணைத் தொகுதியொன்றை அவள் உள்ளே வைக்க மறந்திருந்தாள். தளம் பொது அடுக்குக்குப் போய், புதுக் கருவியோடு அங்கே வந்திருந்த புதியதை எடுத்து, அதோடு பேச முடியாமல் விழுந்துகொண்டிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. லயத்துக் காம்பராக்களும் அப்படித்தானே! சுவர் வைத்துப் பிரித்திருப்பார்கள். ஆனால் சுவர் கூரைவரை எட்டாது. மேலே ஒரு முழ இடைவெளி. அடுத்த வீட்டு அடுப்புப் புகையும் கருவாட்டு வாசமும் புருஷன் பெண்டாட்டி சண்டையும் அந்த வழியாகத்தான் வரும். சிறு வயதில் அவளும் அக்காவும் படுத்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் கதையைக் கேட்டு, அவர் பாதியில் தூங்கிப்போனால் சுவரைத் தட்டி எழுப்பியிருக்கிறார்கள். அவர்களுடையது கோடிக் காம்பரா, அதாவது வரிசையின் கடைசி வீடு. புகை ஒரு பக்கத்திலிருந்துதான் வரும் என்று அம்மாவுக்கு அதில் தனிப் பெருமை.

அந்த இடைவெளியை இப்போது அவள் தன் கையால் அடைத்தாள். பொது அடுக்கைப் பார்க்காதே என்று கட்டளையிட்டுச் சூழலைப் புதிதாக அமைத்து, விடுபட்டதை உள்ளே வைத்தாள். பழைய தளம் திறந்துகொண்டது. அதே பச்சைக் கரை, அதே பெரிய எழுத்து. திரையைப் பார்த்து, “இரு, எங்கயும் போயிடாத” என்று மெல்லச் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை மிஞ்சியது சோதனை மட்டும். தமிழெழுத்து சிதையாமல் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். மற்ற நாட்களில் வாய்க்கு வந்த இரண்டு எழுத்தைத் தட்டிவிட்டுப் போவாள். அன்று வெளியே மழை. வகுப்புக்குப் பிள்ளைகள் வரவில்லை. அக்கா எங்காவது ஒரு கணினிக் கடையில் உட்கார்ந்து இந்தப் பக்கத்தைத் திறந்தால் என்ன எழுதுவாள் என்று ஓர் எண்ணம் ஓடியது. சும்மா ஓர் ஆசை. அக்காவாகவே இருந்து எழுதிப் பார்த்தாள்.

முதற் பக்கத்தில் ஒரே கேள்வி: நீங்கள் இருந்த தோட்டத்தின் பெயர். அவள் ‘தொப்பித் தோட்டம்’ என்று எழுதிப் பொத்தானை அழுத்தினாள்.

திரையில் சிவப்பெழுத்தில் ஒரு வரி வந்தது: இப்படியொரு தோட்டம் இல்லை.

ரோகினி கையை எடுத்துக்கொண்டாள்.

அந்த வரியை எழுதியவள் அவள்தான். 2003இல் பெருந்தோட்டக் கம்பெனிகளின் பட்டியலைப் பார்த்து, பெயர்கள் பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து ஏற்றியவளும் அவள்தான். அவளுடைய அடையாள அட்டையிலும் பாடசாலைச் சான்றிதழிலும் பிறந்த இடம் ஆர்டன்லீ. வெள்ளைக்காரன் வைத்த பெயர். ஆபீஸில் எழுதும் பெயர். ஆனால் லயத்தில் யார் அந்தப் பெயரைச் சொன்னார்கள்? மலையின் உச்சி தொப்பி கவிழ்த்தது போல இருக்கும். நூறு வருடமாக அது தொப்பித் தோட்டம். மூன்றாம் வகுப்போடு கொழுந்தெடுக்கப் போன அக்காவுக்கு ஆர்டன்லீ என்றொரு சொல் இருப்பதே தெரிந்திருக்காது. மலைநாட்டில் எந்தத் தோட்டத்துக்குத்தான் இப்படி இரண்டு பெயர் இல்லை! படித்துச் சான்றிதழ் வாங்கியதில், இரண்டில் எது வீட்டுப்பெயர் என்பதை ரோகினி மறந்திருந்தாள்.

பிழைகளைக் கண்டுபிடிக்கவென்று அந்த நாளில், திருப்பியனுப்பும் ஒவ்வொரு பதிலையும் ஒரு கோப்பில் குறித்துவைக்கும்படி அவள் எழுதியிருந்தாள். பிறகு அதைத் திறந்ததே இல்லை. நேற்றுத்தான், மற்றக் கோப்புகளோடு சேர்த்து அதையும் புதுச் சூழலுக்குள் நகர்த்தியிருந்தாள். இப்போது திறந்தாள். நானூற்று இருபத்தாறு வரிகள். ஆத்துக்கரைத் தோட்டம். கறுப்புத் தொரை தோட்டம். மணிக்கூட்டுத் தோட்டம். புளியமரத்துத் தோட்டம். சில தமிழில், பல ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். எல்லோருக்கும் அதே சிவப்பு வரிதான் போயிருந்தது. தேடுபவரின் பெயர் கேட்கும் பக்கம் அதற்கு அடுத்தது. ஆகவே வந்தவர்கள் யார் என்பது ஓரிடத்திலும் பதிவாகவில்லை.

இருநூற்றுப் பத்தாவது வரியளவில் அவள் கண் நின்றது. 2005 மே மாதம், பதினேழாம் திகதி, முற்பகல்.

தொப்பித் தோட்டம்.

மூன்று நிமிடம் கழித்து, அதே கணினியிலிருந்து: தொப்பித் தோட்டம், ராகல பக்கம்.

இன்னும் நான்கு நிமிடம் கழித்து: தொப்பித் தோட்டம், ஆறாம் நம்பர் லயம், கோடிக் காம்பரா.

அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

அனுப்பிய கணினியின் எண், கோயம்புத்தூரில் பதிவான ஓர் இணைய நிறுவனத்துடையது. அதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்லவில்லை. யாரோ தட்டச்சுச் செய்ய, அக்கா பக்கத்தில் நின்று சொல்லியிருக்கிறாள். இல்லை என்று வந்ததும் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறாள். மறுபடி இல்லை என்றதும், தன்னிடம் மிச்சமிருந்த முழு விலாசத்தையும் சொல்லியிருக்கிறாள். ஏழு நிமிடம் கதவைத் தட்டியிருக்கிறாள். அந்தப் பெயரில் ஒரு தோட்டமே இல்லை என்று அவளுடைய சொந்தத் தங்கை மூன்று தரம் எழுதியனுப்பியிருக்கிறாள்.

அக்ரம் படியேறி வந்தபோது ரோகினி முகத்தைத் துடைக்கவில்லை. அவன் பயந்துபோனான்.

“என்ன டீச்சர், விலைப்பலகை விழுந்துடுச்சா?”

“விலைப்பலகை ஓடுது. அது நல்லா இருக்கு.” திரையைக் காட்டினாள். வார்த்தை தடுக்கத் தடுக்க விஷயத்தைச் சொன்னாள்.

அவன் குனிந்து மூன்று வரிகளையும் வாசித்தான். “வேற யாராவது இருக்கலாமே. உங்களுக்குப் பொறகு அந்தக் காம்பராவுக்கு வந்தவங்க...”

“அவங்க இன்னும் அங்கதான் இருக்காங்க. அந்தக் காம்பராவிலேருந்து இந்தியாவுக்குப் போனது ஒருத்தி மட்டுந்தான், தம்பி.”

அக்ரம் நிமிர்ந்தான். வியாழக்கிழமை தான் கேட்ட கேள்வி அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பிறகு மேசையிலிருந்த பயிற்சிக் கொப்பியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு விறுவிறென்று கீழே இறங்கினான்.

கீழே அவன் குரல் கேட்டது. “செல்லசாமியண்ணே! உங்க தோட்டத்துக்கு என்ன பேரு? ஆபீஸ் பேரு வேணாம், நீங்க சொல்ற பேரு!”

மூட்டை தூக்கும் செல்லசாமி சிரித்த சிரிப்பு மாடிவரை வந்தது. “என்ன சின்ன முதலாளி, பொண்ணு பாக்கப் போறீங்களா எங்க தோட்டத்துக்கு? அது சங்கிலிப்பாலத் தோட்டம். மேக்கால இருக்கிறது பானைத் தோட்டம். எழுதுங்க எழுதுங்க, எம் மாமியா ஊரு ஒன்னு இருக்கு, அதையும் சொல்றேன். ஆனா அங்க மட்டும் யாரையும் தேடிப் போயிடாதீங்க!”

சந்தையே கூடிவிட்டது. மரக்கறி கொண்டுவந்தவர்கள், லொறிச் சாரதிகள், தேங்காய் வாங்க வந்த பெண்கள் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். எது எந்தத் தோட்டம் என்பதில் இரண்டு சண்டையும் நடந்தது. பாவா முதலாளி தராசை நிறுத்திவிட்டுத் தாமும் நான்கு பெயர் சொன்னார். மாலைக்குள் கொப்பியில் நூற்று முப்பத்தெட்டுத் தோட்டங்கள் சேர்ந்தன.

ஞாயிறு முழுவதும் ரோகினி பழைய தளத்தைத் திறந்து வேலை செய்தாள். முன்பென்றால் அதில் ஒரு வரியைத் தொடவும் பயம், விலைப்பலகை அதிர்ந்துவிடும். இப்போது அது தன் சூழலுக்குள் தனியே இருந்தது. என்ன செய்தாலும் வெளியே கேட்காது. சந்தை சொன்ன பெயர்களையெல்லாம் ஏற்றினாள். தேடுபவரின் பெயர் கேட்கும் பக்கத்தை முதலாவதாக்கினாள். சிவப்பு வரியை அழித்து, தெரியாத பெயர் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி செய்தாள். நானூற்று இருபத்தாறு வரிகளையும் முகப்பிலேயே தொங்கவிட்டு, ‘இவர்கள் தேடி வந்தார்கள், நாங்கள்தான் தவறவிட்டோம், மறுபடியும் வாருங்கள்’ என்று மேலே எழுதினாள். எல்லாவற்றுக்கும் உச்சியில் இன்னொரு வரி சேர்த்தாள். அதை எழுதுவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

‘தொப்பித் தோட்டம் இருக்கு அக்கா. ஆறாம் லயமும் இருக்கு, கோடிக் காம்பராவும் இருக்கு. நான் ராகலையில இருக்கேன். ஒத்தப் பின்னல்.’

கடைசியாக அந்தச் சூழலின் வாயிலில் ஒரு சிறு கோப்பை வைத்தாள். பின்னால் வேலைக்கு வரப்போகிறவர்களுக்கான குறிப்பு: இங்குள்ள எதையும் புதுப்பிக்க வேண்டாம். இது இப்படியே இருக்கட்டும்.

திங்கட்கிழமை விடிய, போஞ்சி விலையும் கரட் விலையும் புதிய பலகையில் பளிச்சென்று வந்தன. அக்ரம் கொழும்பிலிருந்து வந்த பாராட்டுத் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே மேலே வந்து, ரோகினியின் தோளுக்கு மேலால் மற்றத் தளத்தை எட்டிப் பார்த்தான். கண்ணால் கேட்டான். அவள் தலையசைத்தாள். இல்லை, இன்னும் இல்லை. மூன்றரை வருடத்துக்கு முன் திரும்பிப்போனவள் ஒரே நாளில் வந்துவிடுவாளா?

மாலை ராகலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மழை விட்டிருந்தது. தேயிலை மலைகளுக்கிடையே பனிமூட்டம் கீழிறங்கிக்கொண்டிருந்தது. பஸ் ஒரு வளைவில் வேகம் குறைந்தபோது, கொண்டக்டர் கம்பியில் தட்டி, தினமும் கூவுவதுபோலவே கூவினார்.

“தொப்பித் தோட்டம்! தொப்பித் தோட்டம் எறங்குறவங்க வாங்க!”

எட்டு வருடமாகப் போகும்போது ஒரு தரமும் வரும்போது ஒரு தரமும் கேட்ட குரல்தான். அப்பாவைப் புதைத்த வருடத்துக்குப் பிறகு அவள் இங்கே இறங்கியதில்லை. காம்பராவில் வேறு அடுப்பெரிவதைப் பார்க்க அம்மாவுக்குச் சகிக்கவில்லை. அந்த வைராக்கியத்தை அவளும் வைத்துக்கொண்டாள். அக்கா மறுபடி கடிதம் எழுதினால் இந்த விலாசத்துக்குத்தானே எழுதுவாள்? அவளுக்கு வேறு விலாசம் தெரியாதே. கோடிக் காம்பராக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டாமா? ஒருவேளை பழைய கடிதம் ஏதாவது கூரை இடுக்கில்...

“டீச்சர், உங்க ஊருக்கு இன்னும் தூரம் இருக்கே, எங்க எந்திரிக்கிறீங்க?” என்றார் கொண்டக்டர்.

“இங்கதான் அண்ணே” என்று ரோகினி பையை எடுத்துக்கொண்டாள். “தொப்பித் தோட்டம்.”

அந்தப் பெயரை உரக்கச் சொல்லி எத்தனை காலமாயிற்று! பஸ் புகை கக்கிக்கொண்டு போனது. மேலே, தொப்பி கவிழ்த்த மலையின் அடியில், ஆறாம் லயத்தின் கடைசிக் கூரையிலிருந்து அடுப்புப் புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தபடி குறுக்குப் பாதையில் ஏறத் தொடங்கினாள்.